சட்டமன்றத்திலிருந்து சாரலுக்கு: ரசிகமணி டி.கே.சி.

தென்காசிக்கும் திருக்குற்றாலத்துக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர் அளவே தொலைவு. அந்தச் சிறு தொலைவுக்குள் தமிழ்க் கவிதை பலமுறை பிறந்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலை எடுப்பித்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன் தன் விண்ணப்பத்தைத் தமிழ்ச் செய்யுளாகவே கல்லில் வெட்டி வைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் அருகிலுள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். இருபதாம் நூற்றாண்டில் இந்த மண் தந்தவரோ கவிஞர் அல்லர். கவிதையைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர். ரசிகமணி என்று தமிழுலகம் வழங்கும் டி.கே. சிதம்பரநாத முதலியாரே அவர்.

அவர் வழக்கறிஞர், சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினர், இந்து சமய அறநிலைய வாரியத்தில் ஆணையர். அக்காலத்தில் ஒருவருக்குப் பெருவாழ்வு என்று கருதப்பட்ட மூன்று இருக்கைகளும் அவருக்குக் கிடைத்தன. எனினும் அந்த மூன்றினால் அவரை இன்று எவரும் நினைப்பதில்லை. நான்காவதாக அவர் அமர்ந்த இடம் ஒன்று உண்டு. நண்பர்கள் சூழத் தரையில் விரிக்கப்பட்ட பாய் அது. பதவி இல்லாத அந்த இடத்திலிருந்து அவர் செய்த பணியும், அப்பணி எழுப்பிய கேள்வியும் இன்றும் முடிந்துவிடவில்லை.

பிறப்பும் கல்வியும்

தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பத்தில் 1882ஆம் ஆண்டு டி.கே.சி. பிறந்தார். தந்தையார் தீத்தாரப்ப முதலியார். ஆங்கிலக் கல்வி அரசுப் பணிக்கும் நீதிமன்றத்துக்கும் வாயிலாக இருந்த காலம் அது. பட்டம் பெற்றவர்களில் பலர் தமிழை வீட்டு மொழியாகவும் ஆங்கிலத்தை அறிவு மொழியாகவும் வைத்துக்கொண்டனர். மறுபுறம், தமிழ் கற்ற புலவர்கள் யமகம், திரிபு, மடக்கு ஆகியவற்றில் வல்லவராயிருந்தும் ஆங்கிலம் கற்ற இளைஞருக்குத் தம் நூல்களைச் சுவைபட எடுத்துச் சொல்ல இயலாதவராயிருந்தனர். இரு சாராருக்கும் இடையே பாலம் இல்லை.

டி.கே.சி. ஆங்கிலக் கவிஞர்களில் நன்கு தோய்ந்தவர். அந்தத் தோய்வு அவரைத் தமிழிலிருந்து விலக்கவில்லை. ஆங்கிலக் கவிதையைப் படித்தபோது உள்ளம் எவ்வாறு அசைந்ததோ அவ்வாறே தமிழ்க் கவிதையைப் படிக்கும்போதும் அசைய வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். அசைத்ததைப் போற்றினார். அசைக்காததை, அது எத்துணைப் பழைமையும் பெருமையும் உடையதாயினும், ஒதுக்கினார். அவருடைய பிற்கால வாழ்வின் நிறையும் குறையும் இந்த ஓர் எதிர்பார்ப்பிலிருந்தே முளைத்தவை எனலாம்.

நெல்லையில் மூன்று வழக்கறிஞர்

சட்டம் பயின்ற டி.கே.சி. திருநெல்வேலியில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு வண்ணார்பேட்டையில் குடியிருந்தார். அதே ஊரில் அக்காலத்தில் வழக்கறிஞர் தொழில் பார்த்த வேறு இருவரும் பின்னாளில் தமிழுக்கே உரியவராயினர் என்பது கருதத்தக்கது. ஒருவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. திருவனந்தபுரத்திலும் நெல்லையிலும் தொழில் நடத்திவிட்டு 1926இல் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகச் சென்னை சென்றவர். மற்றொருவர் ரா.பி. சேதுப்பிள்ளை. நெல்லையில் தொழில் நடத்திவிட்டுப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானவர்.

மூவரும் சட்டம் படித்தவர். மூவரும் கம்பனில் ஈடுபாடு உடையவர். ஆயினும் மூவரின் வழிகளும் வேறு. வையாபுரிப் பிள்ளை ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சென்றார். சேதுப்பிள்ளை மேடைக்குச் சென்றார். டி.கே.சி. தம் வீட்டு முற்றத்திலேயே அமர்ந்துவிட்டார்.

வழக்கறிஞர் தொழிலில் அவருக்கு ஊக்கம் மிகுதியில்லை. கட்சிக்காரர்களைவிடக் கவிதை கேட்க வந்தவர்களுக்கே அவருடைய நேரம் மிகுதியாகச் சென்றது. பொருளீட்டும் வாய்ப்பு நிறைந்த தொழிலை இவ்வாறு தளர விட்டதை ஊரார் சிலர் விளங்கிக்கொள்ளாதிருந்தால் வியப்பில்லை.

வட்டத்தொட்டி

வண்ணார்பேட்டை வீட்டின் முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடினர். அந்த இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராயிற்று: வட்டத்தொட்டி. 1920களில் தொடங்கிய இக்கூட்டத்துக்குத் தலைவர் இல்லை, செயலர் இல்லை, சந்தா இல்லை, தீர்மானங்களும் இல்லை. விளம்பரமும் செய்யப்படவில்லை. வந்தவர் அமர்வர், கேட்பர், பேசுவர்.

அங்கு நடந்தது சொற்பொழிவு அன்று. டி.கே.சி. ஒரு பாடலை எடுத்துக்கொள்வார். புணர்ச்சியினால் ஒட்டிக் கிடக்கும் சொற்களைப் பிரிப்பார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் குரல் ஏற வேண்டும், எங்கே தாழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பாடுவார். ஒருமுறை பாடியதை மீண்டும் பாடுவார். பின்னர் அந்தப் பாடலைச் சொல்லும் பாத்திரம் எங்கே நிற்கிறது, யாரைப் பார்த்துச் சொல்கிறது, முகம் எப்படி இருக்கிறது என்று காட்சியை எழுப்புவார். ஒரு பாடலிலேயே மாலைப்பொழுது முழுதும் கழிந்துவிடுவதும் உண்டு. உரையாசிரியர் பதவுரையும் பொழிப்புரையும் தந்து நின்ற இடத்தில் இவர் ஒலியையும் தாளத்தையும் தந்தார். கவிதைக்கு உருவம் உண்டு. அந்த உருவம் செவியில் பிடிபட்டாலன்றிப் பொருள் பிடிபடாது என்பது அவர் கொள்கை.

இக்கொள்கைக்குப் பின்னே வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. தமிழ்ச் செய்யுள் நெடுங்காலம் ஓதப்பட்டது, அரங்கேற்றத்தில் கேட்கப்பட்டது, ஓதுவாராலும் கதை சொல்வோராலும் பாடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு வந்தபோது செய்யுள் கண்ணுக்கு உரியதாயிற்று. அடி பிரித்து, சீர் பிரித்து அச்சிடப்பட்ட செய்யுளை மாணவர் வாய்விட்டுச் சொல்லாமலே தேர்வு எழுதினர். யாப்பு வாய்பாடாகச் சுருங்கிற்று. அச்சுத் தாளில் உறைந்து கிடந்த ஓசையை மீண்டும் தொண்டைக்குக் கொண்டுவந்ததே வட்டத்தொட்டியின் முதற்பணி.

காலப்போக்கில் டி.கே.சி.யைச் சூழ்ந்த நண்பர் குழு விரிந்தது. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், ஏ.சி. பால் நாடார், வித்துவான் ல. சண்முகசுந்தரம், பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன், மீ.ப. சோமு ஆகியோர் அவ்வழியில் வந்தவர்கள். இவர்களில் அரசு அலுவலர் உண்டு; சட்டம் படித்தவர் உண்டு; எழுத்தாளர் உண்டு; கிறித்தவரும் உண்டு. தமிழாசிரியராக இருந்தால்தான் தமிழ்க் கவிதையைப் பற்றிப் பேசலாம் என்ற எல்லை அங்கே அழிந்தது. சமயநூலாக மட்டும் மதிக்கப்பட்டுவந்த கம்பனின் காவியத்தை எச்சமயத்தாரும் கவிதையாக அணுகலாம் என்பதும் அங்கே நிலைபெற்றது.

சட்டமன்றமும் அறநிலைய வாரியமும்

1927 முதல் 1930 வரை டி.கே.சி. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். இரட்டையாட்சி நடைபெற்ற காலம் அது. சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்குரிமை இருந்தது. டாக்டர் ப. சுப்பராயன் முதலமைச்சராக இருந்தார். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முதற் பெண் உறுப்பினராக நுழைந்து, தேவதாசி முறைக்கு எதிராகக் குரல் எழுப்பியதும் அதே மன்றத்திலேதான். மன்ற நடவடிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. மக்களின் வாழ்வைப் பற்றிய சட்டங்கள் மக்களுக்கு விளங்காத மொழியில் ஆராயப்பட்டன.

அதன்பின் 1930 முதல் 1935 வரை அவர் இந்து சமய அறநிலைய வாரியத்தின் ஆணையராகப் பணியாற்றினார். கோயில் சொத்துகள் முறைகேடாகச் செல்வதைத் தடுக்க 1920களில் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி அமைந்த வாரியம் அது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுத் துறையாக மாறிய அமைப்புக்கு அதுவே முன்னோடி. கணக்கு, குத்தகை, அறங்காவலர் வழக்கு என்று விரிந்த பணி அது. கோயிலின் ஆட்சியை ஒழுங்கு செய்ய வேண்டிய நிலையில் இருந்த இவரோ, சிறு வயதிலிருந்தே சிதைந்த கோபுரம் ஒன்றைப் பார்த்து வளர்ந்தவர். தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் இராசகோபுரம் அக்காலத்தில் பிளவுண்டு மொட்டையாக நின்றது. அது மீண்டும் எழுப்பப்பட்டுக் குடமுழுக்குக் கண்டது 1990இல்தான். தான் கட்டிய கோயிலைப் பிற்காலத்தில் காப்பவர் எவராயினும் அவர் அடி பணிவதாகப் பாண்டியன் கல்லில் பொறித்த வேண்டுகோளுக்கு அருகிலேயே அந்தச் சிதைவும் நின்றது.

பழைய கட்டடத்தில் எது மூலம், எது பின்னர் ஒட்டியது, எதைக் காப்பது, எதைக் களைவது? கோயிற் பணியில் எழும் இதே கேள்வி டி.கே.சி.யின் கவிதைப் பணியிலும் எழுந்தது. அங்கே அவர் அளித்த விடை பெரும் பூசலுக்கு இடமாயிற்று.

கம்பர் வழக்கு

வாரியப் பணி முடிந்தபின் டி.கே.சி. தென்காசிக்கும் திருக்குற்றாலத்துக்கும் மீண்டார். வாழ்நாளின் எஞ்சிய பகுதி பெரும்பாலும் கம்பருக்கே உரியதாயிற்று. 1939 ஏப்ரலில் காரைக்குடியில் சா. கணேசன் தோற்றுவித்த கம்பன் கழகத்தின் முதல் விழா டி.கே.சி.யின் தலைமையில் நடைபெற்றது. கம்பர் சமாதி உள்ளதாகக் கருதப்படும் நாட்டரசன்கோட்டையையும் இணைத்துக்கொண்டு ஆண்டுதோறும் நிகழும் அவ்விழா, தமிழகத்தின் பல ஊர்களிலும் தமிழர் வாழும் பிற நாடுகளிலும் கம்பன் கழகங்கள் தோன்றுவதற்கு முன்மாதிரியாயிற்று.

கம்பராமாயணம் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. நூற்றாண்டுகளாக ஏடு பெயர்த்து எழுதப்பட்டதால் பாடவேறுபாடுகள் பல. இடையிலே நுழைந்த பாடல்களும் பல. வெள்ளி பாடல்கள் என்று மரபே சிலவற்றை வேறு பிரித்துச் சொல்வதுண்டு. ஆகவே இடைச்செருகல் உண்டு என்பதில் டி.கே.சி.க்கும் ஏனைய அறிஞர்க்கும் வேறுபாடு இல்லை. எதைக் கொண்டு அதைக் கண்டறிவது என்பதில்தான் வேறுபாடு.

சுவடிகளை ஒப்பிட்டுப் பழைய பாடத்தைத் தேர்வது அறிஞர் வழி. டி.கே.சி. அவ்வழியை ஏற்கவில்லை. கம்பருடைய உள்ளமும் ஓசையும் ஒருவருக்குப் பழகிவிட்டால் கம்பர் பாடல் எது, ஒட்டுப் பாடல் எது என்று உள்ளமே சொல்லிவிடும் என்பது அவர் துணிபு. அவ்வாறு துணிந்து பாடல்களில் மிகப் பலவற்றை விலக்கினார். அதனோடு அமையாது, ஏற்றுக்கொண்ட பாடல்களிலும் ஓசை இடறிய இடங்களில் சொற்களை மாற்றி அமைத்தார். 'கம்பர் தரும் ராமாயணம்' என்ற பெயரில் அவர் வெளியிட்ட தொகுதிகள் இவ்வாறு அவரால் தெரிந்தெடுக்கப்பட்டுச் செப்பம் செய்யப்பட்டவை.

புலவர்கள் கொதித்தெழுந்தனர். அந்தக் கொதிப்பில் நியாயம் உண்டு. சான்று காட்டாமல் பாடத்தை மாற்றினால் நூல் ஆசிரியருடையதாக இராது, திருத்தியவருடையதாகிவிடும். நீதிமன்றத்தில் ஆவணமும் சாட்சியும் இன்றி எந்த வழக்கும் நிற்காது என்பதை அறிந்த வழக்கறிஞரே ஏட்டுச் சான்றைப் புறந்தள்ளியது விந்தைதான். ஒருவர் உள்ளம் ஏற்பதை மற்றொருவர் உள்ளம் மறுத்தால் தீர்ப்புச் சொல்வது யார்? அவரோடு ஒரே ஊரில் தொழில் நடத்திய வையாபுரிப் பிள்ளை, சட்டத்தின் சான்று நெறியைச் சுவடிக்குக் கொண்டுவந்து தமிழ்ப் பதிப்புத் துறைக்கு வலிமை சேர்த்தார். பின்னர் வெளிவந்த கம்பராமாயணப் பதிப்புகள் பாடவேறுபாடுகளையும் மிகைப் பாடல்களையும் முறைப்படி காட்டிச் சென்றனவே அல்லாமல், டி.கே.சி.யின் திருத்தங்களை மூலமாகக் கொள்ளவில்லை. பாட ஆராய்ச்சி என்ற அளவில் வழக்கில் டி.கே.சி. தோற்றார் என்பதை அவரைப் போற்றுவோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் வழக்கு அத்துடன் முடியவில்லை. செம்மையான பதிப்பு கையில் இருந்தும் அதை வாய்விட்டுப் படிக்க ஆள் இல்லையெனில் அப்பதிப்பு யாருக்கு? 1940களில் கம்பராமாயணம் பெரும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. 1943இல் சென்னைச் சட்டக் கல்லூரியில் சி.என். அண்ணாதுரையும் ரா.பி. சேதுப்பிள்ளையும், சேலத்தில் அண்ணாதுரையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் சொற்போர் நிகழ்த்தினர். கம்பனுக்காக வாதாடிய இருவரும் சட்டம் பயின்றவர்களே. அந்த வாதங்கள் ஆரியம், திராவிடம், பத்தி, பகுத்தறிவு என்னும் தளங்களில் நடந்தன. அவை அக்காலத்துக்கு வேண்டியனவும்கூட. டி.கே.சி.யின் வழி வேறு. ஒரு பாடலை எடுத்துப் பாடிக் காட்டுவது. கேட்டவர் முகத்தைப் பார்ப்பது. அவ்வளவே அவர் வாதம். சமுதாயம் எழுப்பிய கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. ஆயினும் கம்பனை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன்னர் அவனைக் கேட்டாக வேண்டும் என்ற அடிப்படையை அது நிலைநாட்டியது.

குற்றாலத்து விருந்து

ஆனியிலும் ஆடியிலும் திரிகூட மலையில் சாரல் பெய்யும். பேரருவியும் ஐந்தருவியும் நிறையும். அக்காலங்களில் டி.கே.சி.யின் இல்லமும் நிறைந்தது. மூதறிஞர் இராஜாஜி வந்தார். கல்கி வந்தார். சதாசிவம், எம்.எஸ். சுப்புலட்சுமி தம்பதியரும் அவருடைய அன்பு வட்டத்தில் இருந்தனர். நீராடலும் உணவும் முடிந்தால் கவிதை. கவிதை முடிந்தால் உணவு என்பதே அங்கு நாள்முறை. குற்றால முனிவர் என்று நண்பர்கள் அவரை அழைத்தனர். வீடு நிறைய விருந்தினரோடு வாழ்ந்தவருக்கு முனிவர் என்ற பெயர் அமைந்தது இனிய முரண்.

அந்த விருந்தோம்பலைப் புகழாதவர் இல்லை. அடுப்படியில் நின்றவர் துணைவியார் பிச்சம்மாள் என்பதையும் உடன் நினைப்பதே முறையாகும். இலக்கியக் கூட்டங்களின் வரலாற்றைப் பேசியவர் பெயரால் எழுதுகிறோம்; கூட்டம் கூடுவதற்கு வீட்டைத் திறந்து வைத்தவரின் உழைப்பு அதில் ஏறுவதில்லை.

நேரில் வர இயலாதவருக்குக் கடிதம் சென்றது. டி.கே.சி.யின் கடிதங்கள் தமிழ் உரைநடைக்குக் கிடைத்த நன்கொடை. நெல்லைப் பேச்சின் மணம் மாறாமல், சிறு சிறு வாக்கியங்களாக, எதிரே அமர்ந்து பேசுவது போன்றே அவர் எழுதினார். அருவியில் நீர் எவ்வளவு வருகிறது என்பதும், அன்று படித்த பாடலின் சுவையும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து வரும். 'இதய ஒலி', 'கம்பர் யார்?', 'அற்புத ரஸம்' முதலிய நூல்களிலும், முத்தொள்ளாயிரத்துக்கு அவர் எழுதிய விளக்கத்திலும் இதே பேச்சு நடையைக் காணலாம். கல்கி இதழில் தொடராக வந்த 'கம்பர் தரும் காட்சி' வட்டத்தொட்டியைத் தமிழ்நாடு முழுதும் விரித்துப் போட்டது.

இந்நாளில் நாள்தோறும் நாம் வழங்கும் பண்பாடு என்ற சொல்லும் அவர் வழங்கியதே. ஆங்கிலத்தில் கல்ச்சர் எனப்படுவதற்குக் கலாசாரம் என்ற வடசொல் வழங்கிவந்த காலத்தில், பண்பாடு என்னும் சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தவர் டி.கே.சி. என்று வையாபுரிப் பிள்ளையே குறித்துள்ளார். பாட ஆராய்ச்சியில் எதிரெதிர்த் திசையில் சென்ற இருவரிடையேயும் மதிப்புக் குறையவில்லை.

கவிமணியும் தமிழிசையும்

பழங்கவிதையில் திளைத்தவர் தம் காலத்துக் கவிஞரைக் காணாதிருப்பது உலகியல்பு. டி.கே.சி. அவ்வாறு இருக்கவில்லை. நாஞ்சில் நாட்டில் ஆசிரியராக அமைதியாக வாழ்ந்த தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களைத் தாம் சென்ற இடமெல்லாம் பாடிப் பரப்பினார். எளிய சொல்லும் தெளிந்த ஓசையும் உடைய கவிமணியின் பாடல்கள் அவருடைய கவிதைக் கொள்கைக்கு வாழும் சான்றாக விளங்கின. கவிமணியின் புகழ் நாஞ்சில் நாட்டு எல்லையைக் கடந்ததில் டி.கே.சி.க்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த நட்பின் ஆழம் துயரத்தில் வெளிப்பட்டது. டி.கே.சி.யின் அருமை மகன் தீத்தாரப்பன், தீபன் என்ற பெயரில் எழுதியவர்; தந்தையின் சுவையுணர்வைத் தானும் பெற்றவர். 1940களின் தொடக்கத்தில் அவர் இளம் வயதில் மறைந்தார். கவிமணி இரங்கற் பாக்களை எழுதி அனுப்பினார். வாழ்நாள் முழுதும் கவிதையே உள்ளத்துக்கு மருந்து என்று பிறருக்குச் சொல்லிவந்தவருக்கு அம்மருந்தையே தாம் அருந்த வேண்டிய வேளை வந்தது. அதன்பின்னும் அவர் கதவை அடைக்கவில்லை. கடிதங்களும் கம்பரும் நண்பரும் தொடர்ந்தனர்.

இசையிலும் அவர் இதே அளவுகோலையே கொண்டார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியபோதும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும், கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற இயக்கத்துக்கு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், இராஜாஜி, கல்கி ஆகியோரோடு டி.கே.சி.யும் துணை நின்றார். இசைக்கு மொழி இல்லை என்று எதிர்ப்பாளர் கூறினர். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் பொருள் விளங்காத சொல்லில் பாவம் எங்கிருந்து வரும் என்பது இவர் பக்கத்துக் கேள்வி. மக்களுக்கு விளங்காத மொழியில் சட்டம் ஆராயப்பட்ட மன்றத்தில் அமர்ந்திருந்தவர் அவர் என்பதை இங்கே நினைக்கலாம். நீதிமன்றமாயினும் கச்சேரி மேடையாயினும் கேட்பவர் உள்ளத்தைத் தொடாத சொல்லில் அவருக்கு நம்பிக்கையில்லை.

நிறைவு

1954ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் டி.கே.சி. மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணியும் டிசம்பரில் கல்கியும் மறைந்தனர். ஒருவரையொருவர் கேட்டும் கேட்பித்தும் வாழ்ந்த மூவரை ஓராண்டுக்குள் தமிழ் இழந்தது. வையாபுரிப் பிள்ளை 1956 பிப்ரவரியில் மறைந்தார்.

தமிழ்த் திறனாய்வு வரலாற்றில் டி.கே.சி. ரசனை முறைத் திறனாய்வின் முன்னோடி என்று குறிக்கப்படுகிறார். அம்முறையின் எல்லைகளும் உடன் சுட்டப்படுகின்றன. காலம், சமுதாயம், பாடம், சான்று ஆகிய எதையும் அது கேட்பதில்லை என்பது உண்மை. நல்ல ஆய்வாளர் எவரும் டி.கே.சி.யின் பாடத்தை மேற்கோளாகக் காட்டமாட்டார். ஆனால் நல்ல ஆய்வாளர் எவரும், ஆய்வைத் தொடங்குவதற்கு முன் அந்தப் பாடலை ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருத்தல் வேண்டும். வையாபுரிப் பிள்ளை வழியில் பாடத்தைத் தேர்ந்து, டி.கே.சி. வழியில் அதைப் படிப்பதே தமிழுக்கு நலம். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையெனில், ஒரு பக்கம் யாரும் படிக்காத செம்பதிப்பு. மறுபக்கம் அவரவர் விரும்பியவாறு திருத்திய கவிதை.

வழக்கறிஞர் தொழில் அவரோடு முடிந்தது. சட்டமன்ற உறுப்பினர் பதவி 1930இல் முடிந்தது. வாரியப் பதவி 1935இல் முடிந்தது. எந்தச் சட்டத்தாலும் அமைக்கப்படாத வட்டத்தொட்டியோ முடியவில்லை. தலைவரும் தீர்மானமும் இன்றிக் கூடிய அக்கூட்டத்தின் வழிவந்தவர்கள் நூல்கள் எழுதினர், கழகங்கள் கண்டனர், கவிஞர்களை வளர்த்தனர். எழுதுபவர் பலராகவும் கேட்பவர் சிலராகவும் உள்ள எக்காலத்துக்கும் அவர் வாழ்வு ஒரு செய்தியை வைத்துச் சென்றது. கவிஞர்கள் நிறைந்த அவையில், பிறர் கவிதையைப் பொறுமையோடு முழுதும் கேட்பவர் ஒருவர் இருந்தால் அந்த அவை வாழும். தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்ட அந்த ஒருவர் தம் காலத்துத் தமிழுக்கே அவ்வாறு செவியாக அமைந்தார்.